பழைய கேரவனா? முதலில் எடை மேடைக்கு ஓட்டுங்கள்

பாலக்கோட்டில் தக்காளி மண்டி வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "பெங்களூரில் 2016 மாடல் டிராவலர் வேன் ஒன்று, கேரவனாக மாற்றியது, விலைக்கு வந்திருக்கிறது. 1,10,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. இரண்டு கட்டில், சின்னக் கிச்சன், டாய்லெட், ஏசி எல்லாம் இருக்கிறது. நாங்கள் ஐந்து பேர். ராமேஸ்வரம், ஹம்பி, கோவா என்று போக ஆசை. பின்னால் டிரெய்லர் மாட்டி மகனின் புல்லட்டையும் இழுத்துப் போகலாம் என்று நினைக்கிறோம். டிரெய்லரை இங்கேயே லேத் பட்டறையில் செய்து தருகிறேன் என்கிறார்கள். வாங்கலாமா?"

டிரெய்லர் வேண்டாம். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், காரணம் பின்னால் வருகிறது. வண்டியை வாங்கலாமா என்பதை நானோ நீங்களோ முடிவு செய்ய முடியாது, எடை மேடைதான் சொல்ல வேண்டும்.

கேரவன் பார்க்கப் போகிறவர்கள் ஏறியதும் மெத்தையை அமுக்கிப் பார்க்கிறார்கள், டிவியைப் போட்டுப் பார்க்கிறார்கள். அந்தக் கட்டிலும் அலமாரியும் எத்தனை கிலோ என்று ஒருவரும் கேட்பதில்லை. ஆர்.சி.யில் வெற்று எடை, மொத்த எடை என்று இரண்டு எண்கள் இருக்கும். மொத்த எடை என்பது ஆள், தண்ணீர், சாமான் எல்லாம் சேர்த்து வண்டி தாங்கக்கூடிய உச்சவரம்பு. வெற்று எடை, வண்டி பயணிகள் வேனாக இருந்த காலத்தில் எழுதியது. பிளைவுட்டும் பேட்டரியும் தண்ணீர்த் தொட்டியும் ஏறிய பிறகு அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை.

கிரானைட்டும் மாம்பழமும் லோடு ஏறும் நம் பக்கத்தில் எடை மேடைக்குப் பஞ்சமில்லை. வண்டியை ஒருமுறை முழுதாக நிறுத்தி எடை போடுங்கள். அப்புறம் முன் சக்கரங்கள் மட்டும் மேடையில் இருக்கும்படி ஒருமுறை, பின் சக்கரங்கள் மட்டும் இருக்கும்படி ஒருமுறை. ஒரு கணக்குக்குச் சொல்கிறேன்: ஆர்.சி.யில் மொத்த எடை 3,800 கிலோ, மேடையில் காலி வண்டி 3,150 என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 650. ஐந்து பேர், தலைக்கு 65 என்றால் 325. தொட்டியில் 150 லிட்டர் தண்ணீர், அது 150 கிலோ. துணிமணி, அரிசி பருப்பு, அடுப்பு, ஸ்டெப்னி, ஜாக்கி எல்லாம் ஒரு 100 கிலோ. இப்போதே 575. கையில் நிற்பது 75 கிலோ. புல்லட் மட்டும் கிட்டத்தட்ட 190.

முன் பின் எடையைத் தனித்தனியாகப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. டாய்லெட், தொட்டி, பேட்டரி எல்லாவற்றையும் பின்னால் தள்ளிக் கட்டிய வண்டிகளில் முன்பக்கம் லேசாகிவிடும். ஸ்டீயரிங் மிதக்கும், முன் பிரேக் பிடிமானம் குறையும். வண்டிக்குப் பின்னால் பத்தடி தள்ளி நின்று பாருங்கள். கிச்சன் இருக்கும் பக்கமாகச் சாய்ந்து நின்றால் அந்தப் பக்கத்து ஸ்பிரிங் பட்டை களைத்துப் போயிருக்கிறது.

இப்போது டிரெய்லர் விஷயம். தருமபுரியிலிருந்து சேலம் போகும் எவருக்கும் தொப்பூர் கணவாயைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. டீசல் மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் விட்டு இறங்கிய லாரிகள் என்ன ஆயின என்று பார்த்தவர்கள் நாம். அந்த இறக்கத்தில் உங்கள் கேரவனை டிரெய்லரும் புல்லட்டுமாக 350, 400 கிலோ பின்னாலிருந்து தள்ளும். லேத் பட்டறை டிரெய்லருக்குச் சொந்த பிரேக் இருக்காது, முழுப் பாரத்தையும் உங்கள் வண்டியின் பிரேக்கே சுமக்க வேண்டும். சூடு ஏற ஏற பிரேக் ஆயில் கொதிக்கும். டாட் 3 என்ற வகை பிரேக் ஆயில் புதிதாக இருந்தால் 205 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும். ஆனால் அது காற்றிலிருந்து ஈரம் இழுக்கும். ஈரம் ஏறிய பிறகு 140 டிகிரியே போதும். வருஷக்கணக்கில் ஷெட்டில் நின்ற கேரவனில் என்ன ஆயில் இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். மிதித்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும், வண்டி நிற்காது.

பாரம் வண்டியோடு மாட்டும் கொக்கியில் சரியாக அழுந்தாமல் டிரெய்லரின் பின்பக்கம் கூடினால் இன்னொரு ஆபத்து, வேகம் ஏறியதும் பாம்பு மாதிரி நெளிய ஆரம்பிக்கும். சட்டமும் உங்கள் பக்கம் இல்லை: டிரெய்லரும் மோட்டார் வாகனம்தான், அதற்குத் தனிப் பதிவு வேண்டும். கம்பெனி கையேட்டில் இத்தனை கிலோ இழுக்கலாம் என்று எழுதியிருந்தால் ஒழிய எந்த வண்டியிலும் கொக்கி வைக்காதீர்கள். டிரெய்லருக்குப் பதிலாகப் பின்னால் ஸ்டாண்டு அடித்து பைக்கை ஏற்றலாமே என்பார்கள். அது இன்னும் மோசம், பின் அச்சுக்கு வெளியே தொங்கும் 190 கிலோ முன்பக்கத்தைத் தூக்கிவிடும்.

எடை சரியாக வந்தால் மெக்கானிக்கோடு ஓட்டிப் பாருங்கள். காலையில் போங்கள், "ஸ்டார்ட் பண்ணாம வைங்க" என்று முந்தின நாளே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காகத் தயார் செய்து வைத்திருக்கிறார்கள். குளிர்ந்த இன்ஜின் எப்படிப் பிடிக்கிறது, நீலப் புகை வருகிறதா, ஆயில் மூடியைத் திறந்தால் புகை குபுகுபு என்று வருகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு நல்ல ஏற்றம் ஒன்றில், ஏசி போட்டு, ஐந்து பேரோடு ஏற்றுங்கள். வெப்பமானி முள் நடுவைத் தாண்டக் கூடாது. திரும்பி இறங்கும்போது இரண்டாவது கியரில் வண்டியைப் பிடித்துக்கொண்டு இறங்கி, கீழே வந்ததும் சக்கரத்தின் பக்கம் முகர்ந்து பாருங்கள். லைனர் கருகிய வாடை வந்தால் பிரேக் வேலை பாக்கி.

1,10,000 என்ற மீட்டரை நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். சினிமா ஷூட்டிங்கில் நின்ற கேரவனாக இருந்தால் ஏசிக்காக இன்ஜின் நாள் முழுக்க நின்ற இடத்திலேயே ஓடியிருக்கும், மீட்டரில் அது ஏறாது. தேர்தல் பிரச்சார வண்டியாக இருந்ததா என்றும் கேளுங்கள். வேட்பாளர் நின்று கும்பிடுவதற்காகக் கூரையை அறுத்திருப்பார்கள், பிறகு தகடு வைத்து ஒட்டியிருப்பார்கள். நானே ஒருமுறை அப்படி ஏமாந்திருக்கிறேன். உள்ளே பளபளவென்று வினைல் ஒட்டியிருந்தது. முதல் ஐப்பசி மழையில் கட்டிலுக்கு நேர் மேலே சொட்ட ஆரம்பித்தது, பிரித்துப் பார்த்தால் பிளைவுட் ஊறிய பிஸ்கட் மாதிரி கையோடு வந்தது. அதனால் வாட்டர் வாஷுக்கு விட்டு ஏசி பொருத்திய இடத்தில் கால் மணி நேரம் தண்ணீர் அடிக்கச் சொல்லுங்கள். உள்ளே உட்கார்ந்து விரல் முட்டியால் கூரையைத் தட்டிக்கொண்டே வாருங்கள். சத்தம் எங்கே மந்தமாகிறதோ அங்கே ஈரம்.

டயரில் பட்டன் நன்றாக இருக்கிறதே என்று விட்டுவிட வேண்டாம். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்: 2317 என்றால் 2017-ன் 23-வது வாரம். நின்றே கிடக்கும் வண்டியில் டயர் தேயாது, ரப்பரில் வெடிப்பு விழும். பின்னால் ஜோடிச் சக்கரமாக இருந்தால் உள் டயரைக் குனிந்து பாருங்கள்.

ஏசியை ராத்திரி முழுக்க பேட்டரியில் ஓட்டலாம் என்று விற்பவர் சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். 12 வோல்ட் 150 ஆம்பியர்-ஹவர் பேட்டரியில் 1,800 வாட்-ஹவர். லெட் ஆசிட் என்றால் அதில் பாதிதான் எடுக்கலாம். ஒரு டன் ஏசி ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. காஸ் சிலிண்டர் வைக்கும் பெட்டியின் அடியில் வெளியே திறக்கும் துவாரம் கட்டாயம் வேண்டும், சமையல் காஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில்தான் தேங்கும்.

கடைசியில் காகிதம். ஆர்.சி.யில் வாகன வகை 'மோட்டார் கேரவன்' என்று இருக்கிறதா, இன்னும் பயணிகள் வண்டி என்றே இருக்கிறதா? வண்டியை மாற்றியமைத்தால் பதிவு அலுவலகத்தின் ஒப்புதல் வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு. கம்பெனி கொடுத்த அடிப்படை விவரங்களுக்கு மாறாக மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் சொல்லிவிட்டது. கேரவன்களுக்கென்று ஏஐஎஸ் 124 என்ற தனித் தரநிலையே உண்டு. ஒப்புதல் இல்லாமல் கட்டிலடித்த வண்டி விபத்தில் சிக்கினால் இன்சூரன்ஸ்காரர்கள் முதலில் பிடிக்கும் இடம் இதுதான். கர்நாடகப் பதிவு என்பதால் படிவம் 28-ல் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும், இங்கே மறுபதிவு செய்து சாலை வரியும் கட்ட வேண்டும். ஓசூர் தாண்டினால் விலை குறைவு என்று தோன்றும், வரியையும் கூட்டிப் பார்த்துவிட்டுப் பேரம் பேசுங்கள்.

எடைச் சீட்டும் ஆர்.சி.யும் கைக்கு வரும்வரை அட்வான்ஸ் என்று ஆயிரம் ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். புல்லட்டை மகனே ஓட்டிக்கொண்டு வரட்டும், அவருக்கும் அதுதான் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.