கிரவுண்ட் பின்னில் மட்டும் சோல்டர் ஒட்டவில்லை என்றால்

மற்ற பின்களில் பிடிக்கிற சோல்டர் கிரவுண்ட் பின்னில் மட்டும் ஒட்டவில்லை என்று எழுதியிருந்தீர்கள். சோல்டரிங் அயர்னை 450 டிகிரிக்கு ஏற்றாதீர்கள். 350லேயே வைத்து, ஊசிமுனையைக் கழற்றிவிட்டு உளிமுனை போடுங்கள். மற்ற பின்களில் ஒழுங்காகப் பிடிக்கிற சோல்டர் கிரவுண்ட் பின்னில் மட்டும் உருண்டையாக நிற்கிறது என்றால், அங்கே சூடு போதவில்லை. அந்தப் பின் போர்டு முழுக்கப் பரவிய செம்புப் பரப்போடு சேர்ந்திருக்கும். நீங்கள் கொடுக்கிற சூட்டை அது இழுத்துக்கொள்ளும். 450ல் ஃபிளக்ஸ் (சோல்டர் ஒட்ட உதவும் பசை) கருகிவிடும், பேடும் (பின்னைச் சுற்றி போர்டில் இருக்கும் செம்பு வளையம்) பெயர்ந்து வரும்.

ஃபிளக்ஸ் தடவுங்கள். முனையில் ஒரு துளி சோல்டர் ஏற்றி, பின்னையும் பேடையும் சேர்த்துத் தொட்டபடி மூன்று நான்கு விநாடி அழுத்தாமல் பிடியுங்கள். பிறகு எதிர்ப்பக்கத்திலிருந்து சோல்டர் கம்பியைக் கொடுங்கள். நன்றாகப் பிடித்தால் ஓரம் பேடில் படிந்து, பின்னை நோக்கிக் குழிவாக ஏறும். அதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

பவரை எடுத்துவிட்டு மல்டிமீட்டரை பீப்பில் (இணைப்பு இருந்தால் சத்தம் தரும் நிலையில்) வையுங்கள். ஒரு முனை பின்னின் நுனியில், இன்னொன்று வேறொரு கிரவுண்டில். பின்னை லேசாக அசைக்கும்போது சத்தம் விட்டுவிட்டு வந்தால் மறுபடி செய்ய வேண்டும்.

ஒன்று: இதெல்லாம் 183 டிகிரியில் உருகும் 63/37 (63% வெள்ளீயம், 37% ஈயம்) சோல்டருக்கு. ஈயம் கலக்காத வகை ஏறக்குறைய 217ல்தான் உருகும். அதற்கு 370, 380 வரை போகலாம்.

“இதுகூட வரவில்லையே, எம்பெடட் வேலைக்குப் போகலாமா?” என்று, கருவிகளுக்குள் இருக்கும் சிறு கணினிகளை உருவாக்கும் வேலையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போங்கள். தொழிற்சாலையில் பெரும்பாலும் மெஷின்தான் சோல்டர் செய்கிறது. ஒரே ஒரு பின் மட்டும் ஏன் பிடிக்கவில்லை என்று கவனித்து, அதைத் தெளிவாக எழுதிக் கேட்டீர்களே, அந்த வேலையில் தினமும் தேவைப்படுவது அதுதான்.