அப்பா அணைத்த சுவிட்ச்

தம்பி, ஜெர்மனிக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது, காட்பாடியில் அப்பா அம்மா தனியாக இருக்கிறார்கள், டிசம்பர் விடுமுறையில் போய் நானே நான்கு கேமரா மாட்டிவிடலாமா, எந்தக் கம்பெனி நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே குளிருக்கு என்ன வாங்குவது, வங்கிக் கணக்கு எங்கே தொடங்குவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். குளிரும் வங்கியும் தானாகப் பழகிவிடும். கேமராவில் நான் சூடுபட்டவன், அதற்கு மட்டும் சொல்கிறேன்.

மாட்டலாம். டிரில்லிங் மெஷினும் ஏணியும் இருந்தால் ஒரு நாள் வேலை. கம்பெனி எதுவாக இருந்தாலும் வேலூரில் பழுது பார்க்க ஆள் கிடைப்பதை வாங்குங்கள். இங்கிருந்து பெட்டியில் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். 2017 இல் குடியாத்தத்தில் எங்கள் வீட்டில் நானே மாட்டினேன். இங்கே ஜெர்மனியில் வெள்ளையடிப்பது முதல் அலமாரி பொருத்துவது வரை நாமே செய்து பழகியதில் ஒரு மிதப்பு வந்துவிடுகிறது.

கேபிளைப் பைப்புக்குள் விடாமல் கிளிப் அடித்து வெளிச்சுவரில் ஓட்டினேன். ஆறே மாதத்தில் அணில் கடித்துவிட்டது. வாசல் கேமராவைச் சுவரை ஒட்டி வைத்ததால், இரவில் அதன் இன்ஃப்ராரெட் ஒளி வெள்ளைச் சுவரில் பட்டுத் திரும்பி, படம் பால் கொட்டியதுபோல் ஆனது. போதாததற்குச் சிலந்தி. லென்ஸ் முன்னால் ஓர் இழை ஆடினாலும் யாரோ வந்துவிட்டதாகக் கைபேசி அலறும். மாதம் ஒருமுறை குச்சியில் துணி சுற்றித் துடைக்க அங்கே ஆள் வேண்டும்.

படங்களைச் சேமிக்கும் பதிவுப் பெட்டிக்கான ஹார்ட் டிஸ்க்கைக் கணக்குப் பார்த்து வாங்குங்கள். ஒரு கேமரா நொடிக்கு 2 மெகாபிட் வீதம் பதிந்தால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 22 ஜிபி. நான்கு கேமராவுக்கு 1 டிபி பதினோரு நாள்தான் தாங்கும்; பிறகு பழையதன்மேல் புதியது ஏறிவிடும். பதிவுப் பெட்டியோடு வரும் பாஸ்வேர்டை அன்றைக்கே மாற்றுங்கள். 2016 இல் மிராய் என்ற வைரஸ் உலகம் முழுக்கக் கேமராக்களைப் பிடித்தது, மாற்றாமல் விட்ட பாஸ்வேர்டுகள் வழியாகத்தான்.

இவ்வளவும் சரியாக இருந்தாலும் போதாது. கேமரா மாட்டிய அடுத்த ஆண்டு எங்கள் போர்வெல் மோட்டாரின் கேபிளை யாரோ அறுத்துக்கொண்டு போனார்கள். இங்கே உட்கார்ந்து பதிவைத் தேடினால், தினமும் இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை ஒன்றுமே இல்லை. அப்பாதான். அப்போது இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரம் இலவசம், அதற்குமேல் ஏற ஏற விலையும் ஏறும் என்பது அவருக்கு விரல்நுனியில். "எல்லோரும் தூங்கும்போது அது மட்டும் எதற்கு விழித்திருக்க வேண்டும்?" என்று கேட்டார். தண்ணீரில்லா ஆறு, ராஜா இல்லாக் கோட்டை, சாமியில்லாக் கோயில் என்று வேலூரைச் சொல்வார்களே, 1981 இல் கோட்டைக் கோயிலுக்கு ஜலகண்டேஸ்வரர் திரும்பி வந்ததும் அதில் ஓர் இடம் காலியானது. எங்கள் வீட்டுப் பதிவில்லாக் கேமராவுக்கு அதைக் கொடுக்கலாம்.

இங்கே பொங்கல் விழாவுக்கு வரும் சிலர் கைபேசியை நிமிர்த்தி எட்டுக் கட்டங்களில் ஊர் வீட்டைக் காட்டுவார்கள். சமையலறையில்கூட ஒன்று. வீட்டு வேலைக்கு வரும் பெண் ஏன் தாமதம் என்று இங்கிருந்தே அதட்டல் வேறு. எனக்கு எரிச்சலாக வரும். ஆனால் நானும் ஹாலில் ஒன்று வைத்தவன்தான். அம்மா எதுவும் சொல்லவில்லை, நாற்காலியைப் படத்துக்கு வெளியே நகர்த்திப் போட்டுக்கொண்டார். அடுத்த முறை போனபோது கழற்றிவிட்டேன்.

நீங்கள் இருக்கும் வாடகை வீட்டுக் கதவில் ஒன்று மாட்டும் எண்ணமிருந்தால் விட்டுவிடுங்கள். பொதுப் படிக்கட்டு, பக்கத்து வீட்டு வாசல், நடைபாதை எதுவும் படத்தில் விழக்கூடாது. நான் வைத்த மூன்றாம் நாள் வீட்டுக்காரரிடமிருந்து கடிதம் வந்தது.

ஆம்பூரில் கற்ற ஷூ வேலையை நம்பி 2003 இல் ஜெர்மனியில் உள்ள பிர்மாசென்ஸ் என்ற ஊருக்கு வந்தேன். அறை தருவதாகச் சொன்ன ஆள் போனை எடுக்கவே இல்லை. முதல் இரவு ஒரு கிடங்கில், அட்டைப்பெட்டிகளை விரித்துப் படுத்தேன். மறுநாள் ஐந்து யூரோவுக்குக் காலிங் கார்டு வாங்கிச் சுரண்டி, எண்களை அழுத்தி வீட்டைப் பிடித்தால், "நன்றாக இருக்கிறோம், காசு ஓடும், வைத்துவிடு" என்றார் அம்மா. எங்கே படுத்தேன் என்று சொல்ல நேரமிருக்கவில்லை. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அந்த மீட்டர் பயம் உண்டு.

இப்போது இரண்டே கேமரா, வாசலிலும் பின்கட்டிலும். பதிவுப் பெட்டியும் ரவுட்டரும் இன்வெர்ட்டரில் நேராக இணைத்தவை. இடையில் சுவிட்சே கிடையாது. எதிர்வீட்டு அக்காவிடம் ஒரு சாவி இருக்கிறது. குளிர்காலத்தில் இங்கே இரவு ஒரு மணி என்றால் அங்கே அதிகாலை ஐந்தரை, அம்மா வாசல் தெளிக்க வருவார். கோலத்தில் பாதிதான் படத்தில் தெரிகிறது. கேமராவைக் கொஞ்சம் திருப்பினால் முழுதும் தெரியும், ஆனால் அக்கா வீட்டு வாசலும் தெரியும். அதனால் பாதியோடு விட்டிருக்கிறேன்.