லாரி ஷாக் அப்சார்பர்: எப்போது பார்க்கணும், எப்போது மாற்றணும்?

எம்-சாண்ட் லோடு ஏற்றி களியக்காவிளை தாண்டி ஓடும் டிப்பர். முன் ஷாக் எத்தனை கிலோமீட்டர் தாங்கும்? (சித்திரங்கோடு)

எல்லா வண்டிக்கும் ஒரே கணக்கு கிடையாது. தார் ரோட்டில் அளவான லோடோடு ஓடும் லாரியை 80,000 கி.மீ. ஆனதும் ஒருமுறை நன்றாகப் பாருங்கள். தேறினால் தொடர்ந்து ஓட்டலாம். குவாரி வண்டியை அதில் பாதியிலேயே பார்த்துவிடணும். ஸ்பிரிங் பட்டையின் ஆட்டத்தை ஷாக்கு சூடாக மாற்றித்தான் அடக்குகிறது. உள்ளே இருக்கும் எண்ணெய் வால்வின் சிறு துளைகளில் நெருக்கிப் பாயும்போது அந்தச் சூடு வரும். கல்லும் குழியுமான பாதையில் ஆட்டம் ஓயாததால் எண்ணெய் ஆற நேரமில்லை, அது கசியாமல் தடுக்கும் ரப்பர் சீல் சீக்கிரம் இறுகிவிடும். ஓவர்லோடு அதைவிட மோசம். பட்டை படிந்துபோனால் பிஸ்டன் நேராக அடியில் போய் இடிக்கும்.

காரை அமுக்கிப் பார்ப்பதுபோல லாரியைப் பார்க்க முடியவில்லை. ஷாக் போய்விட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது? (மார்த்தாண்டம்)

லாரியை எத்தனை பேர் சேர்ந்து அமுக்கினாலும் பட்டை அசையாது. அந்தச் சோதனையை விட்டுவிடுங்கள். சூட்டைப் பாருங்கள்.

மேடுபள்ளமான ரோட்டில் பதினைந்து நிமிடம் ஓட்டிவிட்டு, சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, டயருக்குக் கட்டை கொடுங்கள். உடனே முதலில் பக்கத்துச் சேசிஸைத் தொட்டு, பிறகு ஷாக்கின் கீழ்க்குழாயில் புறங்கையை மெல்ல வைத்துப் பாருங்கள், சுட்டுவிடும், கவனம். வேலை செய்யும் ஷாக்கு சேசிஸைவிடச் சூடாக இருக்கும். இடது சூடு, வலது குளிர்ச்சி என்றால் வலது போய்விட்டது, அதன் பாட்டையும் இடதே சுமக்கிறது. இரண்டும் குளிர்ந்தே இருந்தால் இரண்டும் போச்சு. சைலன்சர் பக்கம் இருக்கும் ஷாக்கு சும்மாவே சூடாகும், அதைக் கணக்கில் வையுங்கள்.

அடுத்தது டயர். ஷாக்கு போயிருந்தால், உள்ளங்கையை டயர் பட்டனில் (ரோட்டில் படும் பகுதியில்) வைத்து வட்டமாகத் தடவும்போது, ஓரிடம் மேடு, ஓரிடம் பள்ளம் என்று மாறி மாறித் தட்டுப்படும். சக்கரம் ரோட்டை விட்டுத் துள்ளித் துள்ளி இறங்குவதன் அடையாளம் அது. ஆனால் வீல் பேரிங் லூசாக இருந்தாலும், பேலன்ஸ் இல்லாவிட்டாலும் இதே தேய்மானம் வரும். ஜாக்கி வைத்துச் சக்கரத்தை ஆட்டிப் பார்க்காமல் ஷாக்கு மேல் பழி போடாதீர்கள். உள்ளோரமோ வெளியோரமோ மட்டும் தேய்ந்தால் அது அலைன்மெண்ட், கிங் பின் (முன்சக்கரம் திரும்பும் அச்சாணி) விவகாரம்.

ஸ்பீடு பிரேக்கர் தாண்டிய பிறகும் கேபின் ஆடிக்கொண்டே இருந்தாலோ, பிரேக் பிடித்ததும் மூக்கு குத்தினாலோ அதுவும் அறிகுறிதான். ‘டக் டக்’ என்ற சத்தம் மட்டும் வந்தால் முதலில் ஷாக்குக் கண்ணில் (வண்டியோடு மாட்டும் முனை வளையத்தில்) இருக்கும் ரப்பர் புஷ்ஷைப் பாருங்கள். பல வண்டிகளுக்கு அது தனியாகவே கிடைக்கும்.

ஷாக்கில் எண்ணெய்ப் பிசுக்கு தெரிகிறது. உடனே மாற்றணுமா? (தக்கலை)

மேல்பகுதியில் லேசான பிசுக்கில் தூசி ஒட்டியிருந்தால் பயமில்லை. துணியால் துடைத்துவிட்டு இரண்டு நாள் ஓட்டி மறுபடி பாருங்கள். மழைநாளில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். எண்ணெய் வழிந்து கீழ்க்கண் வரை நனைந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும்.

குளச்சலிலிருந்து மீன் ஏற்றும் வண்டி. ஷாக் அடிக்கடி போகிறது. (குளச்சல்)

ஐஸ் கரைந்து ஒழுகும் உப்புத்தண்ணீர்தான் காரணமாக இருக்கும். அது போதாதென்று கடற்காற்று. பளபளப்பான ராடில் ஊசிமுனை அளவு துரு விழுந்தாலே போதும், மேலும் கீழும் போய்வரும்போது சீலை அறுத்துவிடும். ஒவ்வொரு லோடு இறக்கியதும் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். பிரஷர் பம்பைச் சீல் மீது நேராக அடிக்க வேண்டாம். பெட்டியிலிருந்து தண்ணீர் வெளியேற ஒரு ஹோஸ் மாட்டி, ஷாக்குக்கும் பிராக்கெட்டுக்கும் படாமல் தள்ளி விடுங்கள். துருவுக்குப் பயந்து பழைய என்ஜின் ஆயில் அடிக்கிறார்கள். ரப்பர் விளையும் ஊரில் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது: எண்ணெய் பட்டால் ரப்பர் ஊதிப்போகும், புஷ் சீக்கிரம் கிழியும்.

பின் ஆக்சிலில் ஷாக்கே இல்லையே? (ஆரல்வாய்மொழி)

பல லாரிகளில் இருக்காது. அடுக்குப் பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவதே ஆட்டத்தை ஓரளவு அடக்கிவிடும்.

ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் போதாதா? (திங்கள்சந்தை)

போதாது. ஒரே ஆக்சிலில் ஒன்று புதிது, ஒன்று பழையது என்றால் வண்டி ஒரு பக்கம் இழுத்து ஆடும், ஜோடியாகவே மாற்றுங்கள். கூடுதல் பட்டை போட்ட வண்டியென்றால், முழுதாக நீட்டிய நீளமும் மடக்கிய நீளமும் பொருந்துகிறதா என்று பார்த்து வாங்குங்கள். படுக்க வைத்திருந்த புது ஷாக்கில் காற்று புகுந்திருக்கும். நிமிர்த்திப் பிடித்து நாலைந்து முறை முழுதாக இழுத்து அமுக்கிய பிறகு மாட்டுங்கள். புஷ் போல்ட்டைக் கடைசியாக இறுக்குவது ஜாக்கியை இறக்கி, வண்டி தன் எடையில் தரையில் நிற்கும்போதுதான். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் முறுக்கியபடியே நின்று சில வாரத்தில் கிழியும். 500 கி.மீ. ஓடியதும் அதே போல்ட்டுகளில் ஒருமுறை ஸ்பேனர் போடுங்கள்.