உயிருள்ள விலங்கை எம்ஆர்ஐ எடுக்கும்போது அசைவு ஏன் படத்தைக் கெடுக்கிறது? அதை எப்படிக் குறைப்பது?

விலங்கின் உடல் அசைவதால் அளவீட்டில் கலந்துவிடும் பிழைதான் அசைவு இரைச்சல். படம் மங்கும், சில நேரம் ஒரே உறுப்பின் வெளிறிய நகல்கள் பக்கத்திலேயே வரிசையாகத் தெரியும்.

எம்ஆர்ஐ படம் பெரும்பாலும் ஒரே நொடியில் எடுக்கப்படுவதல்ல. நூற்றுக்கணக்கான அளவீடுகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து, கடைசியில் கணக்கிட்டு உருவாக்குகிறார்கள். செல்போனில் பனோரமா எடுக்கும்போது நடுவில் ஒருவர் நகர்ந்தால் இரண்டாகத் தெரிவார் இல்லையா, அது மாதிரிதான். ஆனால் இங்கே பாதிப்பு இன்னும் மோசம். ஒவ்வொரு அளவீட்டிலும் முழுப் படத்தின் தகவலும் இருப்பதால், நெஞ்சு அசைந்த பிழை அசையாத இடங்களுக்கும் பரவுகிறது. சுண்டெலியின் இதயமோ நிமிடத்துக்கு 400 முதல் 600 தடவை துடிக்கிறது!

தலையைப் பல், காதுப் பிடிகளால் நிலைநிறுத்துவார்கள். மயக்கத்தில் உடல் குளிர்ந்து மூச்சின் சீர் கெடும் என்பதால் வெதுவெதுப்பான காற்றும் தேவை. அப்புறம் முக்கியமானது, வயிற்றருகே வைக்கும் சின்னக் காற்றுப்பை. அது மூச்சை உணர்ந்து சொல்ல, இரண்டு மூச்சுகளுக்கு இடையிலான அமைதியான நேரத்தில் மட்டும் கருவி அளக்கும். நேரம் கூடும்தான், ஆனாலும் பின்னால் மென்பொருளால் திருத்துவதைவிட இதையே நம்பலாம். மூளை மொத்தமாக நகர்வதைத் திருத்துவது எளிது. நெளிந்து விரியும் வயிற்று உறுப்புகளில் அது கடினம்.

மயக்க மருந்து கொடுத்தால் அசைவே இருக்காது என்று பலர் நினைக்கிறார்கள். மருந்து விலங்கு துள்ளுவதைத்தான் நிறுத்தும், மூச்சும் இதயத் துடிப்பும் தொடர்ந்துகொண்டேதான் இருக்கும்.