பேரன் ஓடிவிடுகிறான், என்ன செய்ய?

கேள்வி: மகன் ஜெர்மனியில், மியூனிக்கில் இருக்கிறான். மருமகள் சித்தூர்ப் பெண், தெலுங்கு பேசுவாள். பேரனுக்கு ஆறு வயது, பள்ளியில் ஜெர்மன். வீடியோ காலில் "சாப்டியா கண்ணு" என்று கேட்டால் தலையை ஆட்டி, ஜெர்மனில் ஏதோ சொல்லிவிட்டு ஓடிவிடுகிறான். என்னை 'ஓமா' என்கிறான், ஆயா என்று வாயில் வரவில்லை. மூன்று மொழி சேர்ந்து பிள்ளையைக் குழப்புகிறது, ஒன்றை நிறுத்தச் சொல் என்கிறார்கள் சொந்தக்காரர்கள். சொல்லட்டுமா?
- வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: வேண்டாம் அம்மா, எதையும் நிறுத்தச் சொல்லாதீர்கள். அவன் தலையை ஆட்டினான் என்றால் நீங்கள் கேட்டது புரிந்திருக்கிறது. புரிவது முதலில் வரும், வாய் திறப்பது பின்னால்தான். சில பிள்ளைகளுக்கு அதற்கு வருஷக்கணக்கில் ஆகும்.

மூன்று மொழி குழப்பும் என்பவர்களை ஓசூருக்கு அனுப்புங்கள். வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ், எல்லை தாண்டி அத்திப்பள்ளி போனால் கன்னடம் என்று பேசுகிற பிள்ளைகள் அங்கே எத்தனையோ பேர். 1913-லேயே ஜூல் ரோன்ஜா என்ற பிரெஞ்சு மொழியியலாளர் தன் மகனை வைத்து எழுதினார்: அப்பா பிரெஞ்சு மட்டும், அம்மா ஜெர்மன் மட்டும் பேசி வளர்த்தார்கள், பையனுக்கு இரண்டுமே நன்றாக வந்தது. உங்கள் மகன் தமிழை விடாமல் பேசட்டும், மருமகள் தெலுங்கை விடாமல் பேசட்டும்.

இதை நான் அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. என் அம்மாவைப் பெற்றவர் பென்னாகரம் பக்கம், கன்னடம் பேசுகிறவர். தருமபுரியில் வளர்ந்த எனக்கு 'ஊட்டா ஆய்தா' (சாப்பிட்டாச்சா) என்பதைத் தாண்டி எதுவும் வராது, ஏனென்றால் வீட்டில் யாரும் என்னிடம் அதைப் பேசவில்லை. அவர் கடைசி நாட்களில் தமிழை மறந்து கன்னடத்திலேயே என்னமோ சொல்லிக்கொண்டிருந்தார், நான் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்ன சொன்னார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

சரி, என்ன செய்யலாம்? கேள்வி கேட்பதைக் குறையுங்கள். சாப்டியா, ஸ்கூலுக்குப் போனியா என்று கேட்டால் பிள்ளைக்கு அது பரீட்சை மாதிரி. ஞாயிறு மதியம் பன்னிரண்டரைக்கு நீங்கள் களி கிண்டுவீர்கள் இல்லையா, அங்கே அப்போது காலை ஒன்பது (அக்டோபர் கடைசி ஞாயிறு அவர்கள் கடிகாரத்தை மாற்றுவார்கள், அப்புறம் மார்ச் கடைசி வரை எட்டு). போனை அடுப்படியில் சாய்த்து வையுங்கள். தண்ணி கொதிக்குது பாரு, மாவு கொட்டறேன் பாரு என்று பேசிக்கொண்டே துடுப்பைப் போட்டுக் கிண்டுங்கள். கையை நனைத்து உருண்டை பிடிக்கும்போது "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணுங்கள், மூன்றாவது உருண்டையில் நிறுத்திவிட்டு அவன் முகத்தைப் பாருங்கள். ஜெர்மனில் எண்ணினாலும் தலையாட்டிவிட்டு நீங்கள் தமிழில் தொடருங்கள். பக்கத்தில் இருக்கும் மகன் ஒவ்வொன்றையும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டாம், அப்படிச் சொன்னால் பையன் உங்கள் பேச்சுக்குக் காது கொடுக்க மாட்டான்.

'ஓமா' என்றால் ஜெர்மனில் பாட்டி என்றுதான் அர்த்தம். அவன் உங்களை யாரோ என்று நினைக்கவில்லை, அவனுக்குத் தெரிந்த வார்த்தையில் உங்களைப் பாட்டி என்றுதான் கூப்பிட்டிருக்கிறான். கூப்பிட்டால் "ஆயா இங்க இருக்கேன் சாமி" என்று பதில் சொல்லுங்கள். அப்புறம் அவனிடம் நாலு ஜெர்மன் வார்த்தை கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள், நீங்கள் தப்பாகச் சொல்லி அவன் திருத்துகிற சுகத்துக்காகவே போன் பக்கம் ஓடி வருவான்.

கேள்வி: வெளிநாட்டில் இருக்கும் பேத்திக்கு எழுதப் படிக்கச் சொல்லித்தர வழி உண்டா?
- வாசகர், பாலக்கோடு

பதில்: உண்டு. தமிழ்நாடு அரசின் தமிழ் இணையக் கல்விக்கழகம் 2001-லிருந்து வெளிநாட்டுத் தமிழர்களுக்காக நடக்கிறது, மழலைக் கல்வியிலிருந்து பாடங்கள் இணையத்திலேயே கிடைக்கும். கூடவே மாதம் ஒரு தபால் அட்டையில் பெரிய எழுத்தில் இரண்டே வரி எழுதி அனுப்புங்கள். முதல் அட்டையில் அவள் பெயரும் உங்கள் பெயரும் போதும்.