ஸ்மார்ட் சுவிட்சு, நியூட்ரல் வாயர், அப்புறம் பாட்டி

கோலாலம்பூரில் வாயரிங் வேலை செய்கிறேன். இப்போதெல்லாம் எனக்கு வரும் அழைப்பில் பாதி, ஸ்மார்ட் சாதனம் மாட்டிவிட்டுத் திணறுகிறவர்களிடமிருந்துதான். கேள்விகள் நிறைய சேர்ந்துவிட்டன, கேட்டவரின் ஊர்ப் பெயரைப் போட்டு ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

செந்தூல்: அண்ணே, இணையத்தில் வாங்கிய ஸ்மார்ட் சுவிட்சில் நியூட்ரல் வாயர் கேட்கிறது. எங்கள் பழைய வீட்டில் சுவிட்சுப் பெட்டியைத் திறந்தால் இரண்டே வாயர், இரண்டும் சிவப்பு. என்ன செய்வது?

பதில்: பழைய வீடுகளில் அப்படித்தான் இருக்கும், தம்பி. ஒரு சிவப்பு வாயர், வீடு முழுக்கக் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் டிபி பெட்டியிலிருந்து கரண்டைக் கொண்டுவருகிறது, மற்றது விளக்குக்குப் போகிறது. நியூட்ரல் சுவருக்கு இறங்காமல் மேலேயே விளக்குக்குப் போய்விடும். சாதாரண சுவிட்சுக்கு அது தேவையும் இல்லை. ஸ்மார்ட் சுவிட்சு, விளக்கு அணைந்திருக்கும்போதும் சிக்னலுக்காக விழித்திருக்க வேண்டும். அதற்குக் கொஞ்சம் கரண்டு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், அது திரும்பிப் போகிற வழிதான் நியூட்ரல்.

மூன்று வழி இருக்கிறது. முதலாவது, நியூட்ரல் தேவைப்படாத சுவிட்சு. அது அந்தச் சிறு கரண்டை விளக்கு வழியாகவே அனுப்புகிறது. குறைந்த வாட் எல்இடியாக இருந்தால், அணைத்த பிறகும் மங்கலாக எரியும், இல்லையென்றால் மினுக்கும். சுவிட்சுப் பெட்டியோடு வரும் கெப்பாசிட்டர் என்ற சிறு பாகத்தை விளக்குப் பக்கம் இணைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். இரண்டாவது, கூரையில் விளக்கு மாட்டும் இடத்திலேயே சிறிய ரிலே, அதாவது சிக்னலில் இயங்கும் குட்டிச் சுவிட்சு, வைப்பது. அங்கே நியூட்ரல் இருக்கிறது. மூன்றாவது, வாயர் போகும் குழாயில் இடம் இருந்தால் புது நியூட்ரல் இழுப்பது. செலவைப் பார்க்காவிட்டால் இதுதான் உத்தமம்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். பச்சை எர்த் வாயரை நியூட்ரல் மாதிரி இணைத்துக் கொடுத்திருப்பதை இரண்டு வீட்டில் பார்த்துவிட்டேன். எர்த் என்பது உயிரைக் காக்க இருக்கிற வாயர். உங்களுக்குப் பழக்கமில்லை என்றால் சுருஹான்ஜாயா தெனாகாவில் (எரிசக்தி ஆணையம்) பதிவு பெற்ற வாயர்மேனைக் கூப்பிடுங்கள்.

பட்டர்வொர்த்: புது பல்பு வைஃபையில் சேரவே மாட்டேன் என்கிறது. போனில் வைஃபை நன்றாக ஓடுகிறதே?

பதில்: உங்கள் போன் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இருக்கும், பல்புக்குத் தெரிந்தது பெரும்பாலும் 2.4 மட்டும்தான். ரௌட்டரில் இரண்டும் ஒரே பெயரில் இருந்தால் சேர்க்கும்போது குழப்பம் வரும். 5-ஐ பத்து நிமிடம் நிறுத்திவிட்டு பல்பைச் சேருங்கள், அப்புறம் மறுபடி போட்டுக்கொள்ளலாம். கூடவே ஒன்று: பிற்பாடு இணைய நிறுவனத்தை மாற்றினால் புது ரௌட்டருக்குப் பழைய வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையுமே வையுங்கள். இல்லாவிட்டால் வீட்டில் உள்ள இருபது சாதனத்தையும் முதலிலிருந்து சேர்க்க வேண்டியிருக்கும்.

ஆயர் ஈத்தாம்: ஜிக்பீ, திரெட், மேட்டர்... எதை வாங்குவது என்றே புரியவில்லை, ஐயா.

பதில்: வைஃபை சாதனம் ஒவ்வொன்றும் நேராக ரௌட்டரோடு பேசும். ஜிக்பீ, திரெட் என்ற சிக்னல் வகைகளில் சாதனங்கள் ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கிக் கடத்தும், அஞ்சல் ஓட்டம் மாதிரி. அதனால் செங்கல் சுவர் நிறைந்த நீள வீட்டில் அவை நன்றாக எடுபடும். ஆனால் கடத்துவது கரண்டில் ஓடும் சுவிட்சும் பிளக்கும்தான். பேட்டரியில் ஓடும் கதவு சென்சார் கடத்தாது. சென்சாராக வாங்கிக் குவித்துவிட்டு சிக்னல் இல்லை என்பவர்கள் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

மேட்டர் என்பது சிக்னல் வகை இல்லை, மொழி. 2022 அக்டோபரில் வந்தது. வைஃபையிலோ திரெட்டிலோ ஓடும், வெவ்வேறு நிறுவனத்துச் சாதனங்கள் அதில் பேசிக்கொள்ளும். இவற்றை வீட்டு வைஃபையோடு இணைக்க ஒரு நடுப் பெட்டி வேண்டும்: திரெட்டுக்கு அது பார்டர் ரௌட்டர், ஜிக்பீக்கு ஹப். ஜிக்பீ ஹப்பை வைஃபை ரௌட்டர் தலைமேல் வைக்காதீர்கள், இரண்டுக்கும் 2.4தான், ஒன்றையொன்று கெடுக்கும். ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள். இசட்-வேவ் என்று இன்னொரு சிக்னல் வகை உண்டு, அது மட்டும் நாட்டுக்கு நாடு அலைவரிசை மாறும். அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்து கொடுத்தாலும் வேண்டாம்.

பிரிக்பீல்ட்ஸ்: குளியலறை ஹீட்டருக்கு ஸ்மார்ட் பிளக் போடலாமா?

பதில்: கூடாது. 3.6 கிலோவாட் ஹீட்டர் 240 வோல்ட்டில் 15 ஆம்பியர் இழுக்கும். நம் மூன்று முனை பிளக்கே 13 வரைதான், ஸ்மார்ட் பிளக்கில் பல 10தான் தாங்கும். உருகிவிடும். அதைவிட, உடனடி ஹீட்டர் தண்ணீர் ஓடும்போதுதான் சூடாக்குகிறது, முன்கூட்டியே போட்டு என்ன லாபம்? ஏர்கோனுக்கும் பிளக் வேண்டாம், ரிமோட் மாதிரி இன்ஃப்ராரெட் அனுப்பும் சிறு பெட்டி போதும்.

ஜார்ஜ்டவுன்: கரண்டு போய் வந்தால் நடுராத்திரி எல்லா விளக்கும் எரிகிறது!

பதில்: செயலியில் கரண்டு திரும்பியதும் என்ன செய்ய வேண்டும் என்று ஓர் அமைப்பு இருக்கும். ‘முன்பிருந்த நிலை’ என்று மாற்றுங்கள்.

சிகாம்புட்: இடியில் ஆட்டோ கேட்டின் சர்க்யூட் பலகை இரண்டாவது முறையாகப் போய்விட்டது. வைஃபை ரிலே மாட்டியதாலா?

பதில்: ரிலேயைக் குற்றம் சொல்லாதீர்கள். பலகையைக் கெடுக்க நம் ஊர் மாலை இடியே போதும், ரிலே தேவையே இல்லை. டிபி பெட்டியில் சர்ஜ் தடுப்பு (திடீரென்று எகிறும் வோல்ட்டைத் தடுப்பது) போடுங்கள், எர்த் சரியாக இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். வைஃபை நின்றால் கேட்டைத் திறக்க வேண்டுமே, பழைய ரிமோட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

கெப்போங்: ஸ்மார்ட் பல்பு மாட்டினோம். பாட்டி தினமும் சுவரில் சுவிட்சை அணைத்துவிடுகிறார், பல்பு செயலியில் காணாமல் போகிறது. எப்படிப் புரியவைப்பது?

பதில்: பாட்டி பக்கம்தான் நியாயம், தங்கச்சி. பல்பு சாதாரணமாக இருக்கட்டும், சுவிட்சை ஸ்மார்ட்டாக மாற்றுங்கள். பாட்டி கையால் அணைக்கலாம், நீங்கள் போனில் போடலாம், இணையம் நின்றாலும் விளக்கு எரியும். எங்கள் வீட்டு சாமி அறையில் நானும் முதலில் பல்புதான் மாட்டினேன். அம்மா ஒரு வாரம் டார்ச்லைட் பிடித்து விளக்கேற்றினார், அப்புறம் கழற்றிவிட்டேன். சுவிட்சு மாற்றும்போது அடுத்த பெட்டியில் காற்றாடிச் சுவிட்சு இருந்தால் கவனம்: வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் வகையை அதற்குப் போட்டுவிடாதீர்கள், மோட்டார் உறுமிச் சூடாகும்.