டிராயரில் கிடக்கும் கருவிக்கு லினக்ஸ் போடலாமா? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ஷார்ப் நிறுவனத்தின் ‘ஜாரஸ்’ என்ற என் பழைய கையடக்கக் கருவியைப் பற்றிப் போகிற போக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். பதிலுக்கு ஒரு கட்டுக் கடிதம் வந்துவிட்டது. ஸ்மார்ட்போன் வருவதற்கு முன்னால் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்த ‘பிடிஏ’ கருவிகள் இத்தனை வீட்டு டிராயர்களில் தூங்குகின்றனவா! அவற்றில் லினக்ஸ், பிஎஸ்டி மாதிரி திறந்தமூல இயங்குதளங்களை ஏற்றுவது பற்றிய கேள்விகளை மட்டும் இந்த முறை எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற வங்கி ஊழியர். 2001-ல் வாங்கிய காம்பாக் ஐபாக் 3650 இன்னும் உயிரோடு இருக்கிறது. இதில் லினக்ஸ் போடலாமா? போட்டால் என்ன லாபம்?

தாராளமாகப் போடலாம் சார். இந்தப் பைத்தியம் பலருக்குப் பிடித்ததே உங்கள் கையில் இருக்கும் அந்தக் கருவியால்தான். 206 மெகாஹெர்ட்ஸ் ஸ்ட்ராங்ஆர்ம் சிப், 32 எம்பி ராம், 16 எம்பி ஃபிளாஷ் (மின்சாரம் போனாலும் எழுதியதை மறக்காத நினைவகம்), 240-க்கு 320 புள்ளித் திரை. 2000-ல் இது வெளிவந்தபோது காம்பாக்கின் கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சிக்கூடத்துக்காரர்களே இதில் லினக்ஸ் கர்னலை, அதாவது அந்த இயங்குதளத்தின் மையப்பகுதியை, ஓட்டிக் காட்டினார்கள். கருவி விழித்ததும் இயங்குதளத்தை ஏற்றிவிடும் ‘பூட்லோடர்’ நிரலையும் வெளியே கொடுத்தார்கள். பூட்டைச் செய்தவரே சாவியையும் கையில் கொடுத்தால் கேட்கவா வேண்டும்? அதைச் சுற்றி வளர்ந்ததுதான் ‘ஃபெமிலியர்’ என்ற லினக்ஸ் தொகுப்பு. முகப்புக்கு ஜிபிஇ, ஓப்பி என்று இரண்டு உண்டு. பிடித்ததைப் போட்டுக்கொள்ளலாம்.

லாபம் என்ன என்று கேட்டது சரியான கேள்வி. உங்கள் ஐபாக்கோடு வந்த இயங்குதளம் முகவரி, நாட்குறிப்பு எல்லாவற்றையும் ராமில்தான் வைத்திருக்கிறது. ஒரு மாதம் சார்ஜ் போட மறந்தீர்கள் என்றால் அத்தனையும் போச்சு. ஃபெமிலியர் அப்படி இல்லை. ஜேஎஃப்எஃப்எஸ்2 என்ற கோப்பு முறையில் ஃபிளாஷிலேயே எழுதும். ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பத் தேய்க்காமல் பரவலாக எழுதும், சுருக்கியும் வைக்கும். பேட்டரி செத்து, மறுபடி சார்ஜ் ஏற்றினாலும் எழுதியது அங்கேயே இருக்கும். பதிலுக்குப் பொறுமை வேண்டும். ஒவ்வொரு முறை பூட் ஆகும்போதும் ஃபிளாஷ் முழுவதையும் ஒரு தடவை படித்துப் பார்த்துவிட்டுத்தான் எழுந்திருக்கும்.

இனி, நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பழைய இயங்குதளத்தின் உள்ளேயே ‘பூட்பிளாஸ்டர்’ என்ற நிரலை ஓட்டித்தான் புது பூட்லோடரை எழுத வேண்டும். அதன் மெனுவில், கருவியில் இப்போது இருக்கிற பூட்லோடரையும் பழைய இயங்குதளத்தையும் கோப்பாகச் சேமிக்கும் வசதி இருக்கிறது. முதல் வேலை அதுதான். இரண்டு கோப்பையும் கணினிக்கு மாற்றிவிட்டுத்தான் அடுத்த பட்டனைத் தொட வேண்டும்.

நான் தொட்டேன், கோப்புகளை மாற்றாமலேயே. யாரோ தள்ளிவிட்ட பழைய ஐபாக் அது. பேட்டரி அடையாளம் முக்கால் காட்டியது, அதை நம்பினேன். எழுத ஆரம்பித்ததும் காப்பியை எடுக்கக் கை நீட்டியதில் சார்ஜர் பிளக்கை முழங்கை தட்டிவிட்டது. கிழட்டு பேட்டரி மூன்று விநாடி கூடத் தாங்கவில்லை. ஃபிளாஷின் முதல் 256 கேபி பாதி அழிந்து பாதி எழுதிய நிலையில் நின்றது. பூட்லோடர் குடியிருப்பதே அந்த இடத்தில்தான். பிறகு எந்தப் பட்டனை அழுத்தினாலும் இருட்டு. சிப்போடு நேரடியாகப் பேசும் ஜேடேக் இணைப்பு வழியாக உள்ளே நுழைந்தால்தான் மீட்க முடியும் என்றார்கள், அதற்கான உபகரணமும் கைவசம் இல்லை, தைரியமும் இல்லை. இன்று அதன் பேனா மட்டும் வேறொரு கருவிக்கு உதவுகிறது.

உங்களுக்கு பூட்லோடர் ஒழுங்காக ஏறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்புறம் பயமில்லை. நடு ஜாய்பேடை அழுத்திக்கொண்டு ரீசெட் செய்தால் சீரியல் கேபிள் வழியாகக் கணினியின் டெர்மினலில் ‘பூட்’ என்று வந்து நிற்கும். ‘லோட் ரூட்’ என்று கட்டளை கொடுத்து, ஒய்மோடம் என்ற கோப்பு அனுப்பும் முறையில் லினக்ஸ் கோப்பை அனுப்ப வேண்டும். வேகம் 115200 பாட்தான், விநாடிக்குக் கிட்டத்தட்ட 11 கேபி. 12 எம்பி கோப்பு போய்ச் சேர 17, 18 நிமிடம். அதுவரை காப்பியைத் தள்ளி வையுங்கள்.

இந்தக் கோப்புகள் எல்லாம் முன்பு ஹேண்ட்ஹெல்ட்ஸ் டாட் ஆர்க் தளத்தில் இருந்தன. தளம் மூடிவிட்டது. யாராவது சேமித்து வைத்திருக்கும் நகலைத்தான் தேட வேண்டும். கிடைத்தால், கூடவே கொடுத்திருக்கும் எம்டி5 என்ற சரிபார்ப்பு எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் எதையும் எழுதாதீர்கள்.

கேள்வி: எதையும் அழிக்காமல், சும்மா ஓட்டிப் பார்த்துவிட்டுப் பழையபடி ஆக்கிவிடும் வழி உண்டா? (கல்லூரி மாணவி)

உண்டு. என்னைக் கேட்டால் எல்லாரும் அந்த வழியில்தான் தொடங்க வேண்டும். தந்திரம் இதுதான்: பழைய இயங்குதளத்திலேயே ஒரு சாதாரண நிரலை ஓட்டுகிறோம். அது லினக்ஸ் கர்னலை மெமரியில் கொண்டுவந்து வைத்து, நினைவக மேலாண்மையை அணைத்து, கர்னலின் முதல் கட்டளைக்கு ஒரே தாவாகத் தாவிவிடும். வீட்டுக்காரரிடமே ஏணி வாங்கி அவர் வீட்டுக் கூரையில் ஏறுவது மாதிரி. ஐபாக் மாதிரி மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் சிஇ ஓடும் கருவிகளுக்கு இந்த வேலையை ‘ஹாரெட்’ செய்கிறது. அதே வகைக் கருவிகளில் நெட்பிஎஸ்டியை ஏற்றுவதற்கும் சிஇ-க்குள்ளிருந்தே ஓடும் தொடக்க நிரல்கள் இருக்கின்றன. ஃபிளாஷில் ஒரு எழுத்துகூட மாறாது. ரீசெட் செய்தால் பழைய முகம் திரும்பிவிடும்.

ஆனால் ‘எதையும் அழிக்காமல்’ என்ற உங்கள் வார்த்தையில் ஒரு ஓட்டை இருக்கிறது. மேலே வங்கிக்காரருக்குச் சொன்னதை நினைத்துப் பாருங்கள். பழைய கருவிகளில் உங்கள் கோப்புகள் இருந்ததே ராமில். கர்னல் வந்து உட்கார்வதும் அதே ராமில். ஆகவே இயங்குதளம் திரும்பி வரும், உங்கள் முகவரிப் பட்டியல் வராது.

கீபோர்டோடு வந்த சையன் 5எம்எக்ஸ் என்ற கையடக்கக் கருவியிலும் இதே கதை. அதன் சொந்த இயங்குதளம் ரோமில் இருக்கிறது, நினைத்தாலும் அழிக்க முடியாது. காம்பாக்ட் ஃபிளாஷ் கார்டில் லினக்ஸை வைத்து அதிலிருந்து கிளப்பலாம். 36 மெகாஹெர்ட்ஸ், 16 எம்பி, இரண்டு டபுள்-ஏ பேட்டரி. அந்தக் குட்டிக் கீபோர்டில் விஐ என்ற உரை எடிட்டரைத் திறந்து தட்டச்சு செய்து பாருங்கள், பிறகு போனில் கட்டைவிரலால் எழுதவே மனசு வராது.

எனக்கு ரொம்பப் பிடித்தது ஷார்ப் ஜாரஸ் சி3000-ல் ஓப்பன்பிஎஸ்டி ஏறும் விதம். ஜாரஸ் பிறந்ததே லினக்ஸோடுதான். அந்த லினக்ஸுக்குள் ஒரு கர்னல் மாட்யூலை (கர்னலோடு ஒட்டிக்கொள்ளும் குட்டி நிரல்) ஏற்றினால், அது தன்னை ஏற்றிக்கொண்ட லினக்ஸையே ஓரங்கட்டிவிட்டு ஓப்பன்பிஎஸ்டியைக் கிளப்பிவிடும். விருந்தாளியாக வந்து வீட்டுக்காரரை வெளியே அனுப்பிய கதை. ரீபூட் செய்தால் அவர் திரும்பி வந்துவிடுவார், கோபமில்லாமல்.

கேள்வி: என்னிடம் இருப்பது பாம் III. அதற்கு?

2 எம்பி ராம், 16 மெகாஹெர்ட்ஸ் டிராகன்பால் சிப். ஒவ்வொரு நிரலுக்கும் நினைவகத்தைத் தனித்தனியே பிரித்துக் கொடுக்கும் நினைவக மேலாண்மை அலகு கிடையாது. அது இல்லாத சிப்புகளுக்கென்றே 1998-ல் யூசிலினக்ஸ் என்ற லினக்ஸ் வகை பிறந்தது, முதலில் ஓடியதே பாம்பைலட் வகையில்தான். அதன் வேலை பின்னாளில் 2.6 கர்னலிலேயே சேர்ந்துகொண்டது. ஆக, வரலாற்றில் உங்கள் கருவியின் குடும்பத்துக்கு இடம் உண்டு. ஆனால் நடைமுறையில் இரண்டு டிரிபிள்-ஏ பேட்டரியில் வாரக்கணக்கில் ஓடும் பாம் ஓஎஸ்ஸைவிட நல்லது எதுவும் அந்த 2 எம்பியில் உட்காராது. விட்டுவிடுங்கள்.

கேள்வி: ஆண்ட்ராய்டும் லினக்ஸ்தானே? இந்தப் பழைய இரும்பை வைத்து ஏன் மல்லுக்கட்ட வேண்டும்?

கர்னல் லினக்ஸ்தான், ஒத்துக்கொள்கிறேன். உங்கள் போனின் பூட்லோடரைத் திறந்து, நீங்களே தொகுத்த கர்னலைப் போட்டுவிட்டு எனக்கு மறுபடி கடிதம் எழுதுங்கள். அப்போது பேசலாம்.

கேள்வி: ஓப்பி போட்ட ஜாரஸில் தமிழ்ப் பக்கம் திறந்தால் எழுத்துகள் இடம் மாறிக் குதிக்கின்றன. ஃபாண்ட் மாற்றியும் பயனில்லை.

ஃபாண்ட் பாவம், அதைத் திட்டாதீர்கள். யூனிகோடில் ‘பெ’ என்பது முதலில் ‘ப’, அதற்குப் பின் ஒற்றைக்கொம்பு என்ற வரிசையில்தான் சேமிக்கப்படுகிறது. கொம்பை முன்னால் தூக்கி வைப்பது திரையில் எழுதும் மென்பொருளின் வேலை. ஓப்பி நிற்பது கியூடி என்ற திரைமுக நூலகத்தின் 2.3 பதிப்பின் மேல், அதற்கு இந்த வித்தை தெரியாது. வந்த வரிசையில் அப்படியே அடுக்கிவிடும். அதனால் ‘பெயர்’ என்பது ‘பயெர்’ மாதிரி தெரியும். என் ஜாரஸில் முதன்முதலில் என் சொந்தப் பெயரையே எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டியிருந்தது!

இரண்டு வழி இருக்கிறது. ஜிபிஇ முகப்புக்கு மாறுங்கள். அது ஜிடிகே2 என்ற வேறொரு திரைமுக நூலகத்தின் மேல் கட்டியது, அதற்குள் இருக்கும் பாங்கோ நூலகம் கொம்பை ஒழுங்காக இடம் மாற்றும். லோஹித் தமிழ் மாதிரி ஓப்பன்டைப் ஃபாண்ட் ஒன்றும், பாங்கோவின் இந்திய மொழி மாட்யூலும் இருந்தால் போதும். இரண்டாவது வழி கொஞ்சம் பழைய சரக்கு: டிஸ்கி. அந்தக் குறியாக்கத்தில் கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே கொம்பு முன்னால், மெய் பின்னால் என்று எழுத்துகள் பதிவாகியிருக்கும். டிஸ்கி ஃபாண்ட் இருந்தால் எந்த மக்கு மென்பொருளும் சரியாகக் காட்டிவிடும். பழைய மின்னூல்கள் டிஸ்கியில் இருந்தால் மாற்றாமல் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். தமிழில் உள்ளிட வேண்டுமென்றால், எக்ஸ்கேபிடி என்ற திரைக் கீபோர்டின் அமைப்பு வெறும் உரைக்கோப்புதான், உட்கார்ந்து ஒரு மாலையில் தமிழ் வரிசையை எழுதிவிடலாம்.

கேள்வி: பேனாவை மேலே வைத்தால் கீழே அழுத்துகிறது!

பேனா தொடும் இடத்தைத் திரையோடு ஒப்பிட்டு அளந்து வைத்த கோப்பு கெட்டிருக்கும். கணினியிலிருந்து உள்ளே நுழைந்து ‘இடிசி’ கோப்புறையில் இருக்கும் ‘பாயின்டர்கால்’ கோப்பை அழித்துவிட்டு, ‘டிஎஸ்-கேலிபரேட்’ ஓட்டுங்கள். ஐந்து சிலுவைக் குறி வரும். நடுமையத்தில் நிதானமாகத் தொடவும். பஸ்ஸில் வேண்டாம்.

கேள்வி: என் ஐபாக்கில் இன்றைய டெபியன் லினக்ஸைப் போட முடியுமா? அப்படியே வைஃபையும்?

ஐபாக் 3600 வரிசை என்றால் முடியாது. ஸ்ட்ராங்ஆர்ம் சிப், ஆர்ம் குடும்பத்தில் ஆர்ம்வி4 என்ற பழைய தலைமுறை. டெபியனின் ‘ஆர்மெல்’ பதிப்பு குறைந்தது ஆர்ம்வி4டி கேட்டது, பிறகு அதையும் உயர்த்திவிட்டார்கள். 2009-ல் வந்த லென்னிதான் பழைய ‘ஆர்ம்’ பதிப்பைத் தாங்கிய கடைசி டெபியன். எக்ஸ்ஸ்கேல் சிப் உள்ள பிற்காலக் கருவிகள் ஆர்ம்வி5டிஇ, ஆகவே அவை இன்னும் கொஞ்ச தூரம் ஓடின. கர்னல் பக்கமும் கதவு சாத்திக்கொண்டே வருகிறது. 2023-ல் வந்த 6.3-ல் யாரும் பயன்படுத்தாத பழைய ஆர்ம் கருவிகளின் கோப்புகளைக் கொத்தாக நீக்கினார்கள். பராமரிப்பவர்களைக் குறை சொல்ல மாட்டேன். சோதித்துப் பார்க்க ஆளில்லாத நிரலை எத்தனை நாள் சுமப்பது?

வைஃபை கார்டு கிடைத்தாலும் பெரும்பாலும் 802.11பி என்ற பழைய வைஃபை தரத்தின் காலத்தது, டபிள்யூபிஏ2 பாதுகாப்பு கேட்கும் இன்றைய ரௌட்டரோடு பேசத் தெரியாது. அதற்காக வீட்டு ரௌட்டரின் பாதுகாப்பைக் குறைக்காதீர்கள். யுஎஸ்பி கேபிள் போதும். லினக்ஸ் அதை ஒரு நெட்வொர்க் இணைப்பாகவே காட்டும். கருவிக்கு 192.168.0.202 என்ற முகவரிதான் வழக்கம். எஸ்எஸ்ஹெச் (ஒரு கணினியிலிருந்து இன்னொன்றில் பாதுகாப்பாக நுழையும் முறை) வழியாக நுழையும்போது உங்கள் புதிய கணினி ‘இந்தப் பழைய குறியாக்கத்தோடு பேச மாட்டேன்’ என்று முறுக்கிக்கொள்ளும். 2015-க்குப் பின் வந்த ஓப்பன்எஸ்எஸ்ஹெச் அப்படித்தான். அந்த ஒரு கருவிக்கு மட்டும் பழைய முறைகளை அனுமதித்து அமைப்புக் கோப்பில் எழுதிக்கொள்ளுங்கள்.

கார்டு வாங்குபவர்களுக்கு இடையில் ஒரு வார்த்தை: எஸ்டி துளை உள்ள பழைய கருவிகள் பலவற்றுக்கு 2 ஜிபிக்கு மேல் புரியாது. காம்பாக்ட் ஃபிளாஷ் வேறு சாதி, உள்ளுக்குள் அது பழைய கணினிகளின் சாதாரண ஐடிஇ ஹார்ட் டிஸ்க் மாதிரி நடந்துகொள்ளும். இரண்டு துளையும் இருந்தால் லினக்ஸை காம்பாக்ட் ஃபிளாஷிலேயே வையுங்கள்.

கேள்வி: நீங்கள் நிஜமாகவே இதைத் தினமும் பயன்படுத்துகிறீர்களா, இல்லை பீற்றிக்கொள்ளத்தானா?

பாதிப் பாதி. ஜாரஸ் 5500-ன் கீழ்ப்பகுதியை இழுத்தால் கீபோர்டு வெளியே வரும். மாதத்துக்கு ஒரு உரைக்கோப்பு, தேதி போட்டு ஒரு வரி. இந்தப் பத்திக்கான குறிப்புகளும் அதில்தான் எழுதியவை. அறிவிப்பு மணி அடிக்காது, யாரும் கூப்பிட மாட்டார்கள். ‘ஈ’ விசை மட்டும் இரண்டு முறை அழுத்தினால்தான் விழுகிறது.

கேள்வி: என் கருவியின் பின்மூடி சரியாக மூடவில்லை, படம் வரைந்து அனுப்பியிருக்கிறேன். லினக்ஸ் ஏற்றும் முன் இதைச் சரிசெய்ய வேண்டுமா?

இந்த வாசகருக்கு இதழ் வரும்வரை காத்திருக்காமல் அன்றைக்கே தபாலில் பதில் போட்டுவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கே. நீங்கள் வரைந்த படத்தில் மூடி வளைந்திருக்கவில்லை, உள்ளே லித்தியம் பேட்டரி உப்பி அதைத் தள்ளுகிறது. சார்ஜ் போடாதீர்கள், அழுத்தி மூடாதீர்கள், குத்தாதீர்கள். கழற்ற வருகிற மாதிரி என்றால் மெதுவாகக் கழற்றி, எரியாத பாத்திரத்தில் தனியே வைத்து, மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடுத்துவிடுங்கள். வேறு பேட்டரி கிடைத்த பிறகு எழுதுங்கள், பூட்லோடர் பற்றிப் பேசலாம்.